டிராக்டர் பார்க்கத் தெரிந்த ராவுத்தர்

மகளே, உனக்கும் மாப்பிள்ளைக்கும் சலாம். இங்கே அம்மாவும் மாமுவும் மூன்று குதிரைகளும் நல்லபடி இருக்கிறோம். நான் மட்டும் இன்றைக்கு எல்லோரையும்விடக் கொஞ்சம் கூடுதலாகவே நல்லபடி. எட்டு நாளாகச் சோறு இறங்காமல் இருந்தவன், இன்று மத்தியானம் இரண்டு தடவை ஆணம் ஊற்றிச் சாப்பிட்டுவிட்டு இதை எழுத உட்கார்ந்திருக்கிறேன். சாப்பாடு இறங்காமல் போனதற்குக் காரணம் மாப்பிள்ளை எழுதிய கடிதம். அவர் மேல் குற்றமில்லை, பாவம், மரியாதையாகத்தான் எழுதியிருந்தார். உத்தமபாளையத்துக்குப் பக்கத்து எஸ்டேட்டில் ஒரு பழைய டிராக்டர் விலைக்கு வருகிறது, எங்கள் தீவனக் காட்டுக்கு அது தோதாக இருக்கும், டிராக்டர் பார்ப்பதில் மாமாவின் கண்ணுக்கு மிஞ்சியவர் மதுரையிலேயே இல்லை என்று இங்கே வரைக்கும் பேச்சு, தாங்கள் வந்து ஒரு வார்த்தை சரி என்று சொன்னால் போதும், இரண்டு ஜோடி மாட்டையும் கொடுத்துவிட்டு வாங்கிவிடுகிறேன் என்று இருந்தது. அதன் அடியில் உன் கையெழுத்தில் ஒரு வரி. 'அத்தா, உடம்பைப் பார்த்துக்கொண்டு வாருங்கள்.' அவ்வளவுதான். மாப்பிள்ளையிடம் நீ எதையும் சொல்லவில்லை என்பது அந்த வரியிலிருந்து எனக்குத் தெரிந்துபோயிற்று.

நீ சொல்லியிருந்தால்கூட எனக்கு இவ்வளவு கஷ்டமாக இருந்திருக்காது. இரண்டு ஜோடி மாடு என்பது உங்கள் வீட்டுக்கு ஒரு வருஷத்துச் சோறு. அதை என் வாய் வார்த்தையை நம்பிக் கைவிடப் போகிறார் ஒரு பிள்ளை. என் வாய் வார்த்தைக்கு என்ன மதிப்பு என்று தெரிந்த ஒரே ஆளான நீ அவர் பக்கத்திலேயே உட்கார்ந்து, அத்தாவின் மானத்துக்காகப் பேசாமல் இருக்கிறாய். ஆகவே நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன். பாதிக்கு மேல் உனக்குத் தெரிந்ததுதான். இருந்தாலும் இதை நீ மாப்பிள்ளைக்கும் படித்துக் காட்ட வேண்டியிருக்கும் என்பதால் முதலிலிருந்து சொல்கிறேன், பொறுத்துக்கொள்.

வில்லாபுரத்துக்கும் அவனியாபுரத்துக்கும் நடுவில் நமக்கு இருக்கிற ஏழு ஏக்கரில் நெல்லும் கிடையாது, கரும்பும் கிடையாது. புல் மட்டும்தான். மதுரையில் ஜட்கா ஓடுகிற வரைக்கும் அதற்குக் குறைவில்லை என்று நம்பி, கொழுக்கட்டைப் புல்லை வளர்த்து, பச்சையாக விற்றது போக மிச்சத்தை அறுத்துக் காயவைத்துப் போர் போட்டு, கோடையில் ஜட்காக்காரர்களுக்குக் கொடுப்பது நம் தொழில். கூடவே நம் சொந்த ஜட்கா மூன்று. சண்டைக் காலத்தில் பெட்ரோலுக்குக் கூப்பன் வந்து, கார் வைத்திருந்த பெரிய மனிதர்களெல்லாம் ஜட்காவில் ஏறினார்கள். காய்ந்த புல்லுக்கு அப்படி ஒரு கிராக்கி. ஆனால் அறுக்க ஆள் இல்லை. புல்லறுத்த பெண்களில் பாதிப் பேர் மில்லுக்குப் போய்விட்டார்கள். அவர்கள் போனதிலும் நியாயம் உண்டு, வெயிலில் குனிந்து கிடப்பதைவிட அது மேல். அறுத்த புல் காய்வதற்குள் மழை பிடித்துக்கொள்ளும். கறுத்துப் பூஞ்சை பிடித்த புல்லைக் குதிரை முகர்ந்துகூடப் பார்க்காது. இரண்டு வருஷம் தொடர்ந்து அப்படி ஆனது. அந்தச் சமயத்தில்தான் திருமங்கலம் பக்கம் ஒரு பண்ணையில் பழைய டிராக்டர் ஒன்று சும்மா நிற்கிறது என்று உன் மாமு சேதி கொண்டுவந்தார்.

உன் மாமுவைப் பற்றி மாப்பிள்ளைக்குச் சொல்ல வேண்டும். உன் அம்மாவின் தம்பி. கரி கேஸில் ஓடிய பஸ்ஸில் சண்டைக் காலம் முழுக்க டிரைவராக இருந்தவர். இஞ்சின் என்று ஒன்றைப் பற்றி அவர் பேச ஆரம்பித்தால் சாப்பாடு ஆறிப்போகும். பேசுவார், ஆனால் பேசியதை அவரே மறந்துவிடுவார். நாங்களும் காதில் வாங்கமாட்டோம். வாங்கிக்கொண்டிருந்தது நீ ஒருத்திதான் என்று அப்போது யாருக்கும் தெரியாது. அந்தப் பண்ணை டிராக்டர் மண்ணெண்ணெயில் ஓடுவது, கிளப்புவதற்கு மட்டும் கொஞ்சம் பெட்ரோல் போதும், சூடேறிய பிறகு மண்ணெண்ணெய்க்குத் திருப்பிவிட்டால் நாள் முழுக்க உழும், பக்கவாட்டில் புல்லறுக்கும் நீளக் கத்தி ஒன்றும் மாட்டலாம் என்று அவர் சொன்னபோது எனக்கு வாயில் எச்சில் ஊறியது. மழைக்கு முன்னால் ஏழு ஏக்கரையும் ஒரே நாளில் அறுத்துப் போடுவதை மனசுக்குள் பார்த்துவிட்டேன்.

பண்ணைக்காரர் விலை கேட்கவில்லை. அவருடைய கார் பெட்ரோல் இல்லாமல் கொட்டகையில் தூங்கியது. அவருக்குக் கோச்சு வண்டியும் குதிரையும் வேண்டும். என் மூன்று குதிரைகளையும் கொடுத்தால் டிராக்டரைக் கத்தியோடு தந்துவிடுவதாகச் சொல்லியனுப்பினார். மூன்று குதிரையும் போனால் ஜட்கா மூன்றும் போயிற்று, கையில் மிஞ்சுவது அந்த இரும்பு ஒன்றுதான். அது ஓடினால் நாம் பிழைத்தோம். ஓடாவிட்டால் புல்லும் இல்லை, வண்டியும் இல்லை. உன் அம்மா இதை எனக்கு ஒரு தடவைக்கு மூன்று தடவை சொன்னாள். குதிரை வாங்கியே வளர்ந்த குடும்பம் நம்முடையது, ஒரு சாமானைப் பார்த்து வாங்க எனக்குத் தெரியாதா என்று நானும் மூன்று தடவை சொன்னேன்.

திருமங்கலத்தில் உறவுக்காரர் வீட்டுக் கல்யாணம் ஒன்று வந்தது நினைவிருக்கிறதா? அதற்குப் போகிற வழியில் பார்த்துவிடலாம் என்று கூண்டு வண்டியில் உன்னையும் அம்மாவையும் ஏற்றிக்கொண்டு, வருகிறோம் என்று முதல் நாளே சொல்லியும் அனுப்பிவிட்டுப் போனேன். முதல் பிசகு அதுதான். பண்ணைக்காரர் எனக்கு நாற்காலி போட்டு, மோர் கொடுத்து, "வாங்க ராவுத்தரே, குதிரைன்னா ஒங்க குதிரைதான்னு ஊரே சொல்லுதே" என்று உச்சி குளிரப் பேசினார். உங்கள் வண்டியை மாட்டுக் கொட்டகைக்குப் பின்னால், டிராக்டர் நின்ற இடத்துக்குப் பக்கத்து நிழலில் அவிழ்த்துவிட்டார்கள். நான் மோர் குடித்து முடிக்கும்போது டிராக்டர் ஓடிக்கொண்டிருந்தது. பக்கத்தில் போய்க் கையை வைத்துப் பார்த்தேன். நல்ல சூடு. எனக்கு ஏற்பட்ட சந்தோஷத்தை என்ன சொல்ல? குதிரை பார்க்கப் போனால் முதலில் காதைத் தொட்டுப் பார்ப்போம். காது சில்லிட்டிருந்தால் சீக்கு, வெதுவெதுப்பாக இருந்தால் திடம். என் கைக்கு அந்தப் புத்திதான் உண்டு. உடம்பு சூடாக இருக்கிறது, நல்ல உயிர் என்று முடிவு கட்டிவிட்டேன். பழைய இஞ்சின் நாம் கிட்டே போவதற்கு முன்பே சூடாக இருந்தால் அதைக் கிளப்பப் பட்ட பாட்டை மறைக்கிறார்கள் என்று அர்த்தம் என்பது, குதிரையைத் தவிர வேறெதையும் தொட்டறியாத எனக்கு எப்படித் தெரியும்? டிரைவரின் மணிக்கட்டில் பச்சிலை வைத்துக் கட்டுப் போட்டிருந்தது. "என்னப்பா கையில?" என்று கேட்டேன். "கீழ விழுந்துட்டேண்ணே" என்றான். அதற்கும் எண்ணெய்க் கட்டுப் போடும் வைத்தியர் ஒருவர் பெயரைச் சொல்லிவிட்டு வந்த மகாபுத்திசாலி நான். மாமு சுற்றிச் சுற்றி வந்து, சத்தம் ஜோராக இருக்கிறது என்றார்.

நீ என்னைக் கூப்பிட்டனுப்பினாய். கூண்டு வண்டியின் திரைக்கு இந்தப் பக்கம் வந்து நின்றேன். நீ உள்ளே இருந்தபடி மெதுவாகத்தான் பேசினாய். ஆனால் ஒவ்வொரு எழுத்தும் எனக்குக் கேட்டது.

"அத்தா, நீங்க மோரு குடிச்சிக்கிட்டு இருக்கையில அதக் கிளப்ப நாலு பேரு முன்னால கைப்பிடியப் போட்டு மாத்தி மாத்திச் சுத்துனாங்க. எம்புட்டு நேரம் தெரியுமா? பொறவு பெரிய டாங்கியில தகரத்துலருந்து ஊத்துனாங்க. அது மண்ணெண்ணெய் இல்லத்தா, பெட்ரோலு. வாசன இங்கன வரைக்கும் வந்துச்சு."

பத்தடி தள்ளிப் பண்ணைக்காரர் நின்றுகொண்டிருந்தார். அவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். பெண் பிள்ளை சொல்லிக்கொடுத்து ராவுத்தர் வியாபாரம் செய்கிறார் என்று அவர் நினைத்துவிடுவாரோ என்ற ஒரே நினைப்புதான் எனக்கு. "காத்தடிக்குதும்மா, ஒண்ணும் வெளங்கல. வீட்டுல போயிப் பேசிக்கிறலாம்" என்று சொல்லிவிட்டுத் திரும்பி நடந்தேன். நீ இன்னொரு தடவை "அத்தா" என்றாய். நான் திரும்பவில்லை. அன்றைக்கு ஒரு இலைகூட ஆடவில்லை, மகளே. அடுத்த வெள்ளிக்கிழமை ஜும்மா தொழுகை முடிந்ததும் டிராக்டரைப் புல்லுக்காட்டுக்குக் கொண்டுவந்து விட்டுக் குதிரைகளை ஓட்டிக்கொண்டு போகலாம் என்று வாக்குக் கொடுத்துவிட்டு வந்தேன்.

வீட்டுக்கு வந்தும் நான் பேசவில்லை. வாக்குக் கொடுத்தாகிவிட்டது, இனி பெண் பிள்ளை பேச்சைக் கேட்டு மாற்றினால் மதுரைக்குள் தலை காட்ட முடியாது என்று என்னை நானே சமாதானப்படுத்திக்கொண்டேன். அந்த வாரம் முழுக்க உன் அம்மா என்னோடு ரொம்பப் பிரியமாக இருந்தாள். அப்போதே எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும். நம் தெருவில் பாதி வீட்டில் விளக்கைச் சீக்கிரமே அணைத்துவிடுகிறார்களே, ரேஷன் மண்ணெண்ணெய் போதவில்லை போலிருக்கிறது என்று மட்டும் நினைத்தேன். நீயும் அம்மாவும் வீடு வீடாக ஒரு புட்டி, அரைப் புட்டி என்று வாங்கி, அடுக்களையில் கோணிக்குப் பின்னால் ஒரு முழுத் தகரம் சேர்த்திருந்தீர்கள். தெருவிலுள்ள அத்தனை பெண்களுக்கும் தெரிந்திருந்தது. ஆண்கள் எங்களில் ஒருவருக்கும் தெரியவில்லை.

வெள்ளிக்கிழமை டிராக்டர் வந்தது. இரும்புச் சக்கரம், ஆகவே தார் ரோட்டில் ஏறாமல் ஓரமாக மண்ணிலேயே வந்ததாக டிரைவர் சொன்னான். பண்ணைக்காரரும் வில் வண்டியில் பின்னாலேயே வந்துவிட்டார். நான் மூன்று குதிரைகளையும் தேய்த்துக் கழுவிப் பிடித்துக்கொண்டு நின்றேன். மூன்றில் இளசான செவலையின் பிடரியை இன்னொரு தடவை கோதிவிட்டேன். கொடுக்கப் போகிற நேரத்தில் புல் கொட்டகைக்குள் இருந்து உன் அம்மா தன் தம்பியைக் கூப்பிட்டாள்.

"தம்பி, புதுசா ஒண்ணு வீட்டுக்கு வருது. நம்ம வீட்டுத் தீனி அது வாயில படாம எப்புடிக் கைமாத்துறது?"

மாப்பிள்ளை வீட்டில் இந்த வழக்கம் இருக்காது, அதனால் சொல்கிறேன். நம் குடும்பத்தில் புதுக் குதிரை வந்தால், லகான் கைமாறுவதற்கு முன்னால் வீட்டுப் பெண்கள் ஊறவைத்த கொள்ளில் வெல்லம் பிசைந்து உள்ளங்கையில் வைத்து நீட்டுவார்கள். தின்றால் வியாபாரம் முடிந்தது. முகத்தைத் திருப்பிக்கொண்டால் குதிரையைத் திரும்ப ஓட்டிக்கொண்டு போய்விட வேண்டும். ஏன் எதற்கு என்று இரண்டு தரப்பும் கேட்கக் கூடாது, கோபப்படக் கூடாது. சந்தையில் எதையாவது கொடுத்து நிறுத்திவைத்த சீக்குக் குதிரை அந்த இடத்தில் அகப்பட்டுக்கொள்ளும். நம்மிடம் குதிரை கொடுக்கிற, வாங்குகிற எல்லோருக்கும் இது தெரியும். பண்ணைக்காரருக்கும் தெரியும், குதிரைக்காக ஏற்கெனவே என்னிடம் பேசியவர்தானே. அவர் சிரித்தார். "இரும்புக்கு எதும்மா கொள்ளு" என்றார்.

உள்ளே இருந்து உன் குரல் வந்தது. பதினேழு வயதுப் பெண், அயல் ஆண்கள் நாலு பேர் நிற்கிற இடத்தில் அவ்வளவு தெளிவாகப் பேசி நான் கேட்டதில்லை. "கொள்ளு இல்ல மாமு. மண்ணெண்ணெய் வச்சிருக்கோம். டாங்கியில இருக்கறத வடிச்சிட்டு இத ஊத்தச் சொல்லுங்க. அம்மா கையால சேத்தது."

டிரைவர் பண்ணைக்காரரைப் பார்த்தான். டாங்கி நிறைந்துதான் இருக்கிறது, எதற்குச் சிரமம் என்று இழுத்தான். மாமு, அவருக்கு எதுவும் புரியாமலே, வழக்கம் என்றால் வழக்கம்தான் என்று வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு டாங்கியைத் திறந்துவிட்டார். வடிந்தது நாலு சொட்டுத்தான். அதன் வாசனை வந்ததும் அவர் முகம் மாறியதைப் பார்த்தேன். தேய்ந்துபோன இஞ்சின் பெட்ரோலில் எப்படியும் ஓடிவிடும், மண்ணெண்ணெயில்தான் அகப்பட்டுக்கொள்ளும் என்பதை நான் பிறகு நீ சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். தகரத்து மண்ணெண்ணெயை ஊற்றினார்கள். சூடாக இருந்த இஞ்சின் குழாய்களில் மிச்சமிருந்த பெட்ரோலில் கிளம்பி, ஒரு வரப்பு தூரம் போயிற்று. பிறகு சம்மட்டியால் அடிப்பது போல உள்ளே ஒரு சத்தம். வெள்ளையாகப் புகை. ஒரு தும்மல், இன்னொரு தும்மல், நின்றுவிட்டது. நாலு பேர் சுற்றினார்கள், எட்டுப் பேர் சுற்றினார்கள். ஒரு தடவை கைப்பிடி பின்னுக்கு உதைத்ததில் டிரைவர் துள்ளி விலகினான். அவன் மணிக்கட்டில் எப்படி அடிபட்டது என்று எனக்கு அப்போதுதான் உறைத்தது. கடைசியில் அவன் தலையைக் குனிந்துகொண்டு என்னிடம் மட்டும் கேட்கிற மாதிரி, "மொதலாளி சொன்னாரு, நான் என்னண்ணே செய்ய" என்றான்.

பண்ணைக்காரர் முகம் கறுத்துப்போய் நின்றார். நான் வாயைத் திறந்திருந்தால் அடிதடியாகியிருக்கும், அவ்வளவு ஆத்திரம் எனக்கு. அதற்குள் கொட்டகையில் இருந்து நீ சொன்னாய்: "எங்க வீட்டுத் தீனி அதுக்கு ஒத்துக்கலன்னு சொல்லிருங்க மாமு." அவ்வளவுதான். அவருக்கும் மானம் போகாமல், எனக்கும் வாக்குத் தவறாமல் ஒரே வார்த்தையில் முடித்துவிட்டாய். இரண்டு ஜோடி மாட்டைப் பூட்டி டிராக்டரை இழுத்துக்கொண்டு போனார்கள். நான் செவலையின் கழுத்தைக் கட்டிக்கொண்டு நின்றேன். எவ்வளவு நேரம் என்று தெரியாது. மூன்று லகானும் என் கையிலேயே இருந்தன. அன்று அல்லாவுக்கு நன்றி சொன்னேன், உன் அம்மாவுக்கு நன்றி சொன்னேன். உனக்குச் சொல்லவில்லை. சொன்னால் இலை ஆடாத அந்த நாளைப் பற்றியும் பேச வேண்டியிருக்கும்.

இதோடு நின்றிருந்தாலும் பரவாயில்லை. அன்று சாயங்காலம் ஜட்கா ஸ்டாண்டில் விஷயம் பரவிவிட்டது. "மண்ணெண்ணெய் ஊத்துற ரோசன ஆரோடது?" என்று ஒருவன் கேட்டான். உன் மாமு, என் மேல் உள்ள மரியாதையில், "வேற ஆரு? எங்க மச்சான்தான்" என்று சொல்லிவிட்டார். நான் இல்லை என்று சொல்லவில்லை. அவ்வளவுதான் முதலில் நான் செய்த தப்பு, இல்லை என்று சொல்லாதது. மறுநாள் இன்னொருவனுக்கு நானே சொன்னேன். ஒரு மாதத்தில், பண்ணையில் கால் வைத்ததுமே எனக்கு மூக்கில் பெட்ரோல் அடித்தது என்றும், வேண்டுமென்றே தெரியாதவன் போல மோர் குடித்துக்கொண்டிருந்தேன் என்றும் கதை வளர்ந்துவிட்டது. பிறகு பழைய டிராக்டர், தண்ணீர் இறைக்கும் இஞ்சின் என்று எது வாங்குவதானாலும் ஆட்கள் என்னைத் தேடி வர ஆரம்பித்தார்கள். சொந்தமாக டிராக்டரே இல்லாத ஒரு ஆள் டிராக்டர் வைத்தியராகிவிட்டேன். ஒருவர் கேள்வி கேட்டால், தண்ணீர் குடித்துவிட்டு வருகிறேன் என்று உள்ளே வருவேன். கதவுக்குப் பின்னால் நீ நிற்பாய். "ஏம்மா, உள்ள எண்ண எப்புடி இருக்கணும்?" என்பேன். நீ சொல்வதைக் கேட்டுக்கொண்டு வெளியே போய்த் தாடியைத் தடவியபடி சொல்லுவேன். அந்த வருஷம் நான் குடித்த தண்ணீருக்குக் கணக்கில்லை.

நீ ஒரு நாளும் முகம் சுளிக்கவில்லை. ஒரே ஒரு தடவை கேட்டாய். உன் நிக்காஹ் முடிந்து, பஸ்ஸுக்குக் கிளம்புகிற அன்று, எல்லோரும் சாமான் ஏற்றிக்கொண்டிருந்தபோது என் பக்கத்தில் வந்து நின்றாய்.

"அத்தா, ஒண்ணு கேக்கவா? அன்னைக்கு நெசமாவே காத்தடிச்சுச்சா?"

"ஆமாம்மா, பலமா அடிச்சுச்சு" என்றேன்.

"சரித்தா" என்றாய். பஸ்ஸில் ஏறிவிட்டாய்.

அந்த 'சரித்தா'வை நான் அன்றிலிருந்து சுமந்துகொண்டிருக்கிறேன். மாப்பிள்ளையின் கடிதம் வந்த பிறகு அது இன்னும் கனத்துவிட்டது. உடம்பு சரியில்லை என்று எழுதித் தப்பித்துக்கொள்ளலாமா என்றுகூட யோசித்தேன். ஆனால் நான் வராவிட்டால் மாப்பிள்ளை தானே போய்ப் பார்ப்பார், எதிரில் ஓடுகிற இஞ்சினின் சத்தத்தைக் கேட்டு என்னைப் போலவே மயங்கிவிடுவார். வந்தாலோ, என் கையும் குதிரைக் காதைத் தேடும். எப்படிப் பார்த்தாலும் உங்கள் இரண்டு ஜோடி மாடு போயிற்று. இன்று காலை பஜர் தொழுதுவிட்டு வந்து உன் அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். காற்றடிக்காத விஷயத்தையும் சேர்த்து. அவள் தேத்தண்ணியை ஆற்றிக்கொண்டே, "இதச் சொல்ல மூணு வருசமா ஒங்களுக்கு?" என்றாள். அவளுக்கு முதல் நாளே தெரியுமாம். சரி, வீட்டில் சொன்னது பாதிதான் என்று நேரே ஜட்கா ஸ்டாண்டுக்குப் போய், நாலு பேர் இருக்கிறபோது, "மண்ணெண்ணெய் ஊத்தச் சொன்னது நானில்லப்பா, எம்மக" என்றேன். ஒருவனும் ஆச்சரியப்படவில்லை. "தெரியும்ணே" என்றான் ஒருவன். "அந்தப் பண்ண டிரைவரு எம் மச்சினன்தான். மறுநாளே சொல்லிட்டான்."

"பொறவு ஏண்டா இம்புட்டு நாளு வாயப் பொளந்து கேட்டுக்கிட்டு இருந்தீக?"

"நீங்க சொல்றது நல்லா இருந்துச்சுண்ணே. ஒவ்வொரு தடவையும் புதுசா ஒண்ணு சேரும்" என்றான். எல்லோரும் சிரித்தார்கள். எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. ஊர் முழுக்கத் தெரிந்த ரகசியத்தை நான் ஒருத்தன் இவ்வளவு நாள் கட்டிக் காத்திருக்கிறேன். அங்கிருந்து வீட்டுக்கு நடந்து வந்தபோது உடம்பே லேசாகிவிட்ட மாதிரி இருந்தது. வந்துதான் இரண்டு தடவை ஆணம் ஊற்றிச் சாப்பிட்டேன்.

இனி உங்கள் டிராக்டருக்கு வருகிறேன். இதெல்லாம் நீ கதவுக்குப் பின்னால் எனக்குச் சொன்னதுதான், உனக்கே திருப்பி எழுதுகிறேன், மாப்பிள்ளை காதிலும் விழட்டும். என்றைக்கு வருகிறோம் என்று சொல்லியனுப்பாமல் காலையிலேயே போங்கள். போனதும் இஞ்சினைத் தொட்டுப் பாருங்கள், சூடாக இருந்தால் சலாம் சொல்லிவிட்டுத் திரும்பி வந்து இன்னொரு நாள் போங்கள். மண்ணெண்ணெய் உங்கள் வீட்டிலிருந்து போக வேண்டும். வெறும் தரையில் ஓட்டிக் காட்டினால் மயங்காமல், காய்ந்து கிடக்கிற கெட்டி மண்ணில் உழவு பூட்டி ஒரு மணி நேரமாவது உழச் சொல்லுங்கள். உள்ளே இருக்கிற எண்ணெயை விரலில் எடுத்தால் வழவழப்பு இருக்க வேண்டும், மண்ணெண்ணெய் வாசம் வந்தால் உள்ளே தேய்ந்துவிட்டது என்று நீ சொல்லுவாய். அது வழக்கமாக நிற்கிற இடத்து மண்ணைப் பார், எண்ணெய் குடித்துக் கறுத்திருந்தால் எங்கேயோ ஒழுகுகிறது. புதுப் பெயிண்ட் அடித்திருந்தால் அந்த இடத்தை இரண்டு தடவை பார். பல்சக்கரம் ஒன்று உடைந்தால் அது எந்த ஊரில் கிடைக்கும் என்று கேட்டுவிடு, கிடைக்காத சாமானுக்கு வண்டி எவ்வளவு நன்றாக இருந்து என்ன. விற்கிறவர் பேசட்டும், நீ ஓட்டுகிறவன் கையைப் பார்த்துக்கொண்டிரு. இவ்வளவும் சரியாக இருந்து, உன் மனசுக்கும் பிடித்திருந்தால் தைரியமாக வாங்குங்கள். நல்ல டிராக்டர் கிடைத்தால் எனக்கு ரொம்பச் சந்தோஷம். எங்கள் புல்லுக்காட்டில் இன்னும் அரிவாள்தான்.

நான் வரவில்லை. டிராக்டர் பார்க்க என் மகளைக் கூட்டிக்கொண்டு போங்கள், காரணம் அவளுக்கு வரும் கடிதத்தில் இருக்கிறது என்று மாப்பிள்ளைக்குத் தனியாக ஒரு கார்டு போட்டுவிட்டேன். அவர் நல்ல பிள்ளை, புரிந்துகொள்வார். கூட்டத்தில் நீ ஒன்று சொல்லும்போது அவருக்கும் சங்கடமாக இருக்கலாம். அப்போது காற்றைச் சாக்குச் சொல்லாமல் காது கொடுத்துக் கேட்கட்டும், அதற்கு என் கதை ஒன்று போதும். அன்றைக்குக் காற்றே இல்லை, மகளே. நீ சொன்னது எனக்கு நன்றாகக் கேட்டது. என்னை மன்னித்துவிடு.

உனக்குக் கல்யாணம் ஆனதிலிருந்து உன் வீட்டுக்கு நான் போட்ட கடிதமெல்லாம் மாப்பிள்ளை பெயருக்குத்தான் வந்தன. ஊர் வழக்கம் அப்படி, நானும் யோசித்ததில்லை. இந்த உறையின் மேல் உன் பெயரை எழுதியிருக்கிறேன். தபால்காரர் வாசலில் நின்று உன் பெயரைச் சொல்லித்தான் கூப்பிடுவார். வேறு யாரையும் அனுப்பாமல் நீயே போய் வாங்கிக்கொள்.